மூணு வாரத்துக்குள்ள எச்சில் டெஸ்ட்

நந்தினி: சித்தி, பெரியவனுக்குத் திரும்பவும் சளி, காய்ச்சல். ப்ளே ஸ்கூல்ல இருந்து வந்திருக்கு. எனக்கு 9 வாரம். பாப்பாவுக்கு ஏதும் ஆகுமா?

வசந்தி சித்தி: சாதாரண சளியால பொதுவா பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது. உனக்குக் காய்ச்சல் வந்தா ஏற விடாதே. பாராசிட்டமால் போடலாம், ஐபுபுரோஃபென் வேண்டாம்.

பாபு மாமா: மாசமா இருக்கப்போ காய்ச்சல் வந்தா பிள்ளைக்கு ஆட்டிசம்னு ஒரு ஃபார்வர்டு வந்துச்சே

வசந்தி சித்தி: அதை இங்க போட்டுடாதீங்க அண்ணா 🙏 கடுமையான தொற்றுக்கும் ஆட்டிசத்துக்கும் லேசான தொடர்பு சில ஆய்வுல தெரியுது. அதுதான் காரணம்னு நிரூபணம் ஆகல.

வசந்தி சித்தி: நந்து, சளியைவிட நீ சிஎம்விக்குத்தான் கவனமா இருக்கணும். சைட்டோமெகலோ வைரஸ். சின்னப் பிள்ளைங்க எச்சில்லயும் மூத்திரத்துலயும் மாசக்கணக்கா வந்துட்டே இருக்கும், பிள்ளை பாட்டுக்கு ஓடி விளையாடும். உனக்கு வந்தாலும் லேசா அசதி, அவ்வளவுதான். வயித்துல இருக்கிறதுக்குப் போனாதான் உள்காதும் மூளையும் அடி வாங்கும். முதல் 3 மாசத்துல தொத்தினா பாதிப்பு அதிகம். கடைசி மாசங்கள்ல பாப்பாவுக்குப் போற வாய்ப்பு கூடும், ஆனா பாதிப்பு குறைவு.

நந்தினி: அப்ப அவனைத் தூக்கவே கூடாதா??

வசந்தி சித்தி: தாராளமா தூக்கு. அவன் மிச்சம் வச்சதைச் சாப்பிடாதே. ஸ்பூன், டம்ளர், டூத் பிரஷ் தனித்தனி. முத்தம் நெத்தியில குடு, வாயில வேண்டாம். டயப்பர் மாத்தினாலும் மூக்கு துடைச்சாலும் சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவு.

பெரியம்மா: பிள்ளை மிச்சம் வச்சா அம்மாதானே சாப்பிடுவா, எல்லா வீட்லயும் நடக்கிறதுதான்

வசந்தி சித்தி: அதனாலதான் வீட்ல சின்னப் பிள்ளை இருக்கிற கர்ப்பிணிங்களுக்கு இது அதிகம் தொத்துது அக்கா.

நந்தினி: ஏற்கெனவே தொத்தியிருந்தா எப்படித் தெரியும்?

ரமேஷ் அண்ணன்: ரத்தத்துல ஐஜிஜி, ஐஜிஎம்னு ரெண்டு ஆன்டிபாடி (எதிர்ப்புப் பொருள்) பாப்பாங்க. புதுசா தொத்தினா முதல்ல வர்றது ஐஜிஎம். ஐஜிஎம் பாசிட்டிவ்னு பாத்ததும் பதறாதே, தொற்று போய் மாசக்கணக்கா ஆகியும் அது நிக்கும். அப்படி வந்தா ஐஜிஜி அவிடிட்டி கேளு, ஐஜிஜி வைரஸை எவ்வளவு இறுக்கமா பிடிக்குதுன்னு பாக்கிற டெஸ்ட். இப்ப எடுத்து அது உயர்வா இருந்தா, தொத்தினது 3 மாசத்துக்கு முன்னாடி, அதாவது நீ கர்ப்பமாகிறதுக்கு முன்ன. இன்னும் சில வாரம் தள்ளி எடுத்தா இந்தக் கணக்கு உதவாது.

பெரியம்மா: ருபெல்லா ஊசி இப்பவே போட்டுடலாமா வசந்தி?

வசந்தி சித்தி: கூடாது, அது உயிருள்ள வைரஸ் ஊசி. பிரசவம் ஆனதும் போடலாம், பால் குடுக்கத் தடை இல்ல. ஃப்ளூ ஊசி எந்த மாசத்துலயும் போடலாம்.

ரமேஷ் அண்ணன்: சிஎம்வி சந்தேகம்னா பாப்பா பொறந்து 21 நாளுக்குள்ள எச்சில் பிசிஆர் எடுத்தே ஆகணும். அதுக்கு மேல போனா பொறக்கும்போதே இருந்ததா, தாய்ப்பால்ல வந்ததான்னு பிரிக்க முடியாது. பால் குடிச்சு 1 மணி நேரம் கழிச்சு ஸ்வாப் எடுக்கணும், வாய்ல ஒட்டின பால்ல இருக்கிற வைரஸே பாசிட்டிவ் காட்டிடும். பாசிட்டிவ் வந்தா மூத்திரத்துல உறுதி பண்ணணும்.

வசந்தி சித்தி: உறுதியாகி அறிகுறியும் இருந்தா பாப்பாவுக்கு வால்கான்சைக்ளோவிர்ங்கிற வைரஸ் மருந்து, ஒரு வேளைக்கு கிலோவுக்கு 16 மி.கி., தினம் 2 வேளை, 6 மாசம். முதல் மாசத்துலயே ஆரம்பிக்கிறது நல்லது. வெள்ளை அணுக்கள் இறங்கும், ஆரம்பத்துல வாராவாரம் ரத்தம் பாக்கணும்.

கலா அக்கா: பொறந்ததும் பண்ற காது டெஸ்ட்ல பாஸ்னு வந்தா விட்டுடாதீங்க. சிஎம்வில கேட்கிற திறன் பின்னாடிகூட இறங்கும், ஒரு காதுல மட்டும் போகும். மத்த காது கேட்கிறதால பிள்ளை திரும்பிப் பாக்கும், வீட்ல யாருக்கும் தெரியாது. பின்னாடி நின்னு கை தட்டிப் பாக்கிறதெல்லாம் டெஸ்டே இல்ல, காத்து பட்டாகூட திரும்பும். முதல் வருஷம் 3-6 மாசத்துக்கு ஒரு தடவை ஏபிஆர் (சத்தத்துக்குக் காது நரம்பு குடுக்கிற சிக்னலை அளக்கிற டெஸ்ட்), அப்புறமும் பள்ளிக்கூட வயசு வரைக்கும் தொடரணும். உள்காதுல பேலன்ஸும் இருக்கு. கழுத்து நிக்கிறது, நடக்கிறது தாமதமானா பேலன்ஸையும் பாக்கச் சொல்லுங்க.

நந்தினி: நாளைக்கே ரத்தம் குடுக்கிறேன். வெறும் வயித்துல வரணுமா அண்ணா?

ரமேஷ் அண்ணன்: வேண்டாம், சாப்பிட்டுட்டே வா.