மறுமொழி: ஃபங்ஷனல் எலக்ட்ரிகல் ஸ்டிமுலேஷன்: ‘அசைவுத்துணை’ சரிவருமா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பக்கவாதத்தில் செயலிழந்த தசையை மின்னோட்டத்தால் இயக்கும் ஃபங்ஷனல் எலக்ட்ரிகல் ஸ்டிமுலேஷனுக்கு ‘அசைவுத்துணை’ என்ற தமிழ்ச்சொல்லை முன்வைத்திருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் மறுமொழி இது.

> ‘செயல்பாட்டு மின்தூண்டல்’ என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே, அதையே வைத்துக்கொண்டால் என்ன?

பாடநூலுக்கு அது போதும் ஐயா. நான் பக்கவாத நோயாளிகளுக்கான மறுவாழ்வுப் பிரிவில் செவிலியர். எனக்கு அது போதவில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிக் கொடுப்போம். “தினமும் மின்தூண்டல் 20 நிமிடம் வைக்கவும்” என்று அதில் எழுதியது நான்தான். பாதம் தொங்கிப்போன ஒரு பெரியவர் அதை வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வாரம் கழித்து வந்தபோது அவர் மகள் சொன்னார்: “ஒரு நாள்கூட விடலைங்க சிஸ்டர். அப்பா மத்தியானம் தூங்குறப்ப கரண்ட் வச்சு விட்டுடுவேன்.” குறிப்பில் இருந்ததைத்தான் அந்தப் பெண் செய்திருக்கிறார். தவறு என் வாக்கியத்தில் இருந்தது. அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடவில்லை.

கருவியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு ஓர் எலும்பு கைக்குத் தட்டுப்படும். பெரோனியல் நரம்பு அதைச் சுற்றித் தோலை ஒட்டியே ஓடுகிறது. அங்கே தோலில் ஒட்டி மின்னோட்டம் பாய்ச்சும் ஒரு பேடு, கீழ்க்காலின் முன்பக்கத் தசைமேல் ஒரு பேடு. செருப்பில் குதிகாலுக்கு அடியில் ஒரு ஸ்விட்ச். குதிகால் தரையைவிட்டு எழுந்ததும் மின்னோட்டம் பாய்ந்து பாதத்தைத் தூக்கும், ஊன்றியதும் நின்றுவிடும். 1961இல் லிபர்சன் என்ற மருத்துவரின் குழுவினர் வெளியிட்ட அமைப்பின் அடிப்படை இதுதான். அவர்கள் அதை ‘ஃபங்ஷனல் எலக்ட்ரோதெரபி’ என்றார்கள். அடுத்த ஆண்டு மோ, போஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் ‘ஃபங்ஷனல் எலக்ட்ரிகல் ஸ்டிமுலேஷன்’ என்ற இப்போதைய பெயரைத் தந்தார்கள். தசை சும்மா துடித்தால் மட்டும் போதாது, நடப்பது, பிடிப்பது என்று ஒரு காரியம் ஆக வேண்டும் என்பதுதான் அந்த ‘ஃபங்ஷனல்’. நம் ‘செயல்பாட்டு’ என்ற அடையில் அது காதில் விழுகிறதா? எனக்கு விழவில்லை.

பயிற்சி நேரத்தில் வந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். இயன்முறை மருத்துவர் “இப்ப தூக்குங்க, நீங்களும் சேர்ந்து தூக்குங்க” என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். மின்னோட்டத்தில் பாதம் எழும். நோயாளி நெற்றியைச் சுருக்கி, உதட்டைக் கடித்து, அதோடு சேர்ந்து இழுக்கப் பார்ப்பார். பாதி பலன் அந்த இழுப்பில் இருக்கிறது. சில கருவிகள் இதற்காகவே காத்திருக்கும்: நோயாளி முயலும்போது தசையில் எழும் மெல்லிய மின்குறிகை ஓர் அளவைத் தாண்டினால்தான் மின்னோட்டத்தை விடும். தூங்குகிறவருக்கு அது ஒன்றும் செய்யாது.

ஆனால் வார்டில் எல்லாமே ‘கரண்ட் வைக்கிறது’தான். வலிக்கு வைக்கும் டென்ஸும் கரண்ட், இதுவும் கரண்ட். டென்ஸுக்குச் சும்மா படுத்திருக்கலாம். இதற்கு அப்படிப் படுத்திருந்தால் பயிற்சியே இல்லை. இன்னொரு பக்கம், ‘மின்’ என்று ஆரம்பித்தாலே “ஷாக் வைக்கப்போறீங்களா?” என்று கையை இழுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. போதாக்குறைக்கு ‘தூண்டல்’ பள்ளி இயற்பியலில் ஃபாரடேயின் மின்காந்தத் தூண்டலுக்குப் போய்விட்டது. ‘மின்தூண்டல்’ என்று மொட்டையாக எழுதினால் இண்டக்‌ஷன் அடுப்பு நினைவுக்கு வந்தாலும் குற்றமில்லை.

> ‘துணைத்தூண்டல்’ அல்லது ‘வினைத்துணை மின்தூண்டல்’?

இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ‘துணை’ முன்னால் வந்தால் துணைவேந்தர், துணை ஆட்சியர் மாதிரி இரண்டாம் நிலை என்ற பொருள் ஏறிவிடுகிறது. ‘வினைத்துணை’ கேட்க அழகு. ஆனால் பக்கவாதம் வந்து படுத்திருப்பவரிடம் வினை என்றால் பழவினைதான் நினைவுக்கு வரும். ஏற்கெனவே “என்ன பாவம் பண்ணினேனோ” என்று அழுகிறவர்கள். அந்தச் சொல் வேண்டாம்.

அதனால்தான் ‘அசைவுத்துணை’. பதிவேட்டுக்கு ‘அசைவுத்துணை மின்தூண்டல்’. முன்னால் அசைவு நிற்பதால் அடுப்போடு குழம்பாது. பேச்சில் வெறும் அசைவுத்துணை.

எனக்கு இதில் பெரிய லாபமாகத் தெரிவது வேற்றுமை உருபு. மின்தூண்டல் என்றால் ‘நோயாளிக்கு’ வைக்கிறோம், கொடுக்கிறோம், அவர் வாங்கிக்கொள்கிறார். துணை என்றால் ‘-ஓடு’ வந்து ஒட்டிக்கொள்கிறது. “நோயாளிக்கு மின்தூண்டல் 20 நிமிடம் அளிக்கப்பட்டது” என்று எழுதிவந்த இடத்தில் “நோயாளி அசைவுத்துணையோடு 20 நிமிடம் நடந்தார்” என்றுதான் எழுத வரும். யார் நடந்தார் என்பது பதிவேட்டிலேயே தெரிந்துவிடும்.

> எங்கள் பக்கம் பாரிசவாதம், இயன் மருத்துவர் என்றுதான் புழக்கம். புதுச்சொல் இரு பக்கமும் செல்ல வேண்டும்.

ஆமாம் அக்கா. அசைவும் துணையும் யாழ்ப்பாணத்திலும் வீட்டுச்சொற்கள்தானே? வேறு பொருள் எதுவும் தட்டுகிறதா என்று சொல்லுங்கள்.

பேடுக்கு இன்னும் நல்ல சொல் கிடைக்கவில்லை. ‘மின்முனை’ சரியான சொல்தான், ஆனால் முனை என்றதும் ஊசி என்று பயப்படுகிறார்கள். ‘ஒட்டுத்தகடு’ என்றால் தகரம் மாதிரி இருக்கிறது. பேடை எடுத்ததும் தோல் சிவந்திருக்கிறதா என்று வீட்டார் தினமும் பார்க்க வேண்டும், பேஸ்மேக்கர் உள்ளவர் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இந்த இரண்டு வரியும் குறிப்பில் வருவதால் இந்தச் சொல் எனக்கு அவசரம். புதுக் குறிப்பு அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. முதல் வரி இப்போதைக்கு இப்படி இருக்கிறது, திருத்துங்கள்: “அசைவுத்துணையை மாட்டிக்கொண்டு, விழித்திருக்கும்போது, பாதத்தை நீங்களும் சேர்ந்து தூக்கவும்.”