பாடு முறை கடலைக் காக்கிறதா, சண்டையைத் தவிர்க்கிறதா?

அடையாறுவாசி: மீனவர்களே கடலின் காவலர்கள் என்றும், பழவேற்காடு ஏரியின் பாடு முறையே அதற்குச் சான்று என்றும் நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்து எரிச்சல்தான் மிஞ்சியது. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முடிவு செய்வது, ஊருக்குள் அடிதடி வராமலிருக்கச் செய்த ஏற்பாடு. அதில் இறாலின் மீது என்ன அக்கறை இருக்கிறது? 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது இந்தக் காவலர்கள் எங்கே போயிருந்தார்கள்?

கொண்டல்: அதை எழுதியவன் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். ஏரியில் வளர்ந்த இறால் முட்டையிடக் கடலுக்குத் திரும்பும் வழி முகத்துவாரம். அங்கே சீட்டு விழுந்தவர் மட்டுமே அன்றைக்குச் சுத்து வலை கட்டலாம். மற்றவர் கரையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைத்தான் முடிய வேண்டும். எல்லோரும் ஒரே இரவில் ஓடையை அடைத்தால் கடலுக்கு என்ன மிஞ்சும்? ஆமைகள் செத்தது விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் இழுவை மடியில் சிக்கி, மூச்சுவிட மேலே வர முடியாமல். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக்கூடாது என்ற சட்டத்தை மீறுகிறவர்களை விட்டுவிட்டுக் கட்டுமரக்காரனிடம் கணக்குக் கேட்கிறீர்கள்.

அடையாறுவாசி: சீட்டு என்பது பங்கீடு, அதைப் பாதுகாப்பு என்று சொல்லாதீர்கள். போகட்டும், அதே ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கு அந்தச் சீட்டில் ஒரு பெயராவது உண்டா?

எண்ணூரான்: 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவியபோது கொசஸ்தலையாற்றில் இறங்கி, கறுத்த பிசினைக் குவளையால் மொண்டு வாளியில் ஊற்றியவர்கள் யார்? அடையாறிலிருந்து யாரும் வந்ததாக நினைவில்லை.

அடையாறுவாசி: தன் வலையும் படகும் எண்ணெயில் ஊறினால் யார்தான் வாரமாட்டார்? அதற்குப் பெயர் பிழைப்பு.

கொண்டல்: பிழைப்புக்காகக் காத்தால் அது காவல் இல்லை, பொழுதுபோக்காகக் காத்தால்தான் காவல் என்பது புதிய வேதம். போன மாதம் சுருக்குமடி, அதாவது மீன் கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கி மொத்தமாக அள்ளும் வலை, பற்றிய விவாதத்திலும் இவர் இப்படித்தான் பாதியில் ஓடினார். தமிழ்நாடு அந்த வலையை 2000இலேயே தடை செய்தது. 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும் மட்டும் பிடிக்கலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி தந்தது. இதைச் சுட்டிக்காட்டியபோது ஐயாவைக் காணவில்லை.

எண்ணூரான்: ஓடவில்லை, இவர் தன் பின்னூட்டத்தை நீக்கினார். நான் பார்த்தேன்.

அடையாறுவாசி: நீக்கியது நிர்வாகி. சுருக்குமடி கேட்டுப் போராடியவர்களும் எதிர்த்தவர்களும் மீனவர்கள்தானே, இதில் கடலின் காவலர் எந்தப் பக்கம்? இருளர் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

கொண்டல்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டுவிட்டு அரசு அதைப் பாதுகாப்பு என்கிறது. பாடு முறை உள்ள ஆண்டிக்குப்பம், கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் கையைத் தாங்களே கட்டிக்கொண்டால் மட்டும் அது சண்டைத் தவிர்ப்பா? சீட்டு விழாதவன் இறங்கக் கூடாது. இதற்கு மேல் என்ன காவல் வேண்டும்?

அடையாறுவாசி: சீட்டு விழாதவனைப் பற்றி நான் கேட்கவில்லை. சீட்டிலேயே இல்லாதவனைப் பற்றி மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

கொண்டல்: அது எங்கள் ஊர்ப் பஞ்சாயத்து பேச வேண்டிய விஷயம். நீங்கள் முதலில் இழுவைப் படகுக்குப் பதில் சொல்லுங்கள்.