கலைச்சொல் விவாதம்: உள்ளங்கைத் தமனி வளைவுகள் இரண்டுக்கும் என்ன பெயர் வைப்பது?

குழுமத்தாருக்கு வணக்கம்.

மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்துகொள்பவர்களுக்காக நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்றரைப் பக்கம் முடிந்துவிட்டது. ஒரு பத்தியில் மட்டும் ஒரு வாரமாக நிற்கிறேன். "குழாய் செருகிய இடத்தில் இரத்த ஓட்டம் அடைத்துக்கொண்டால் என் கை என்ன ஆகும்?" என்று பலர் கேட்கிறார்கள். பதில் அவர்களுடைய உள்ளங்கைக்குள்ளேயே இருக்கிறது. அதற்குத் தமிழில் பெயர்தான் இல்லை.

மேற்கையின் தமனி முழங்கை மடிப்பைத் தாண்டியதும் இரண்டாகப் பிரிகிறது. பெருவிரல் பக்கம் இறங்குவது ரேடியல் ஆர்ட்டரி. நாடி பிடித்துப் பார்க்கும்போது விரலில் துடிப்பது இதுதான். சுண்டுவிரல் பக்கம் இறங்குவது அல்னர். பெரும்பாலும் பருமனில் இதுவே பெரியது. தசைகளுக்கு அடியில் ஒளிந்து போவதால் யாரும் கண்டுகொள்வதில்லை. இரண்டும் உள்ளங்கையில் ஒரு முறைக்கு இரு முறை கைகோத்துக்கொள்கின்றன. விரல்களை மடக்கும் தசைநாண்களுக்கு மேலே ஒரு வளைவு. அதற்குப் பெரும்பங்கு இரத்தம் அல்னரிலிருந்து வருகிறது. தசைநாண்களுக்கு அடியில், எலும்பை ஒட்டி இன்னொரு வளைவு. அது ரேடியலின் ஆட்சி. ஒன்று அடைபட்டாலும் பெரும்பாலும் மற்றதன் வழியே விரல்களுக்கு இரத்தம் போய்ச் சேரும்.

தோலுக்கு அருகிலுள்ள வளைவை 'மேல் வளைவு' என்று எழுதி அடித்துவிட்டேன். கையைத் தொங்கவிட்டு நின்றால் மேல் என்பது தோள் பக்கம். அந்தக் கணக்கில் மணிக்கட்டுக்கு நெருக்கமாக இருப்பது ஆழத்திலுள்ள வளைவு; பெயர் தலைகீழாகிவிடும். 'புற வளைவு' என்றால் புறங்கை நினைவுக்கு வருகிறது. அங்கே, மணிக்கட்டின் முதுகுப் பக்கத்தில், உண்மையிலேயே வேறொரு தமனி வளைவு இருந்து தொலைக்கிறது! வழி சொல்லுங்கள்.

—

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், தொழில் மருத்துவம்.

முதலில் ஒரு முறைப்பாடு. நீங்கள் தமனி, சிரை என்கிறீர்கள். நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே நாடி, நாளம் என்று படித்தவர்கள். 'நாடி பிடித்தல்' எங்களிடமும் உண்டு, ஆனால் எங்கள் பாடநூலில் நாடி என்பது குழாய், துடிப்பு அல்ல. ரேடியல் ஆர்ட்டரிக்கு 'நாடித் தமனி' என்று பெயர் வைத்தால் என்ன என்று முன்பு ஒருவர் இங்கே கேட்டிருந்தார். எங்கள் காதில் அது 'தமனித் தமனி' என்றுதான் விழும்.

இந்தத் தமனிகளுக்குப் பெயர் தந்த முன்கை எலும்புகள் இரண்டுக்கும், ரேடியஸுக்கு ஆரை, அல்னாவுக்கு அரந்தி என்ற சொற்கள் இருக்கின்றன. ஆரை என்றால் சக்கரத்தின் ஆரக்கால். இலத்தீனில் ரேடியஸ் என்பதற்கும் அதே பொருள்தான். எனவே ஆரைத் தமனி, அரந்தித் தமனி. பாடநூலுக்கு இது போதும். ஆனால் படுக்கையில் கிடப்பவரிடம் அரந்தி என்று சொல்லிவிடாதீர்கள், ஏதோ புது வியாதி என்று பயந்துவிடுவார். அவருக்குப் பெருவிரல் பக்கத் தமனி, சுண்டுவிரல் பக்கத் தமனி என்றாலே விளங்கும்.

'வளையம்' என்ற சொல்லை நீங்கள் தொடாதது நல்லது. இந்த வளைவுகள் எல்லோருக்கும் முழுதாக மூடியிருப்பதில்லை. அதனால்தான் ஆலன் சோதனை: கையை இறுக மூடச் சொல்லி, இரண்டு தமனிகளையும் அழுத்திப் பிடித்து, கையைத் திறக்கச் சொல்லி, அல்னரை மட்டும் விடுவது. வெளிறிய உள்ளங்கை சில நொடிகளில் சிவந்தால் நிம்மதி. எட்கர் ஆலன் இதை எழுதியது 1929இல், வேறொரு நோய்க்காக. மணிக்கட்டு வழியாக இதயத் தமனிகளைப் படமெடுத்ததைக் கனடாவின் மொன்றியலில் மருத்துவர் லூசியன் கம்போ அறிவித்ததோ 1989இல்தான்.

—

ஐயா, அம்மா, இருவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். உடற்கூறு அறியேன், புணர்ச்சி விதி அறிவேன்.

உள்ளங்கைக்கு நம்மிடம் இரண்டெழுத்துக் குறைந்த சொல் இருக்கிறதே: அங்கை. அகம் + கை. நன்னூலில் இதற்கென்று விதியே உண்டு. 'உள்ளங்கை வளைவு' என்று நீட்டாமல் 'அங்கை வளைவு' என்னலாம். சொல் கையடக்கமாக இருக்கும்.

மேலே, புறமே என்று ஏன் திண்டாடுகிறீர்கள்? 'மேலோட்டமான காயம்' என்று பத்திரிகையிலேயே எழுதுகிறார்கள். மேலோட்ட வளைவு, ஆழ் வளைவு. இரத்தக் குழாயைப் பற்றிய பெயரில் 'ஓட்டம்' வந்து உட்கார்வது தற்செயல்தான். இருந்தாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

இரண்டு குழாய்கள் கூடுவதை அனஸ்டமோசிஸ் என்கிறார்களாம். அதற்குள் இருப்பது 'வாய்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல். வாய்க்கால் வெட்டிய நமக்கு இதில் என்ன தயக்கம்? 'வாயிணைவு' என்று வையுங்கள்.

—

குழுமத்தாருக்கு மீண்டும்.

அங்கையும் மேலோட்டமும் ஏற்றுக்கொண்டேன். 'மேலோட்டமான' என்றால் அரைகுறை என்ற தொனி வருமோ என்று தயங்கியிருந்தேன். காயத்துக்குப் பொருந்துகிறது என்றால் தமனிக்கும் பொருந்தட்டும். 'மேல்' தனியாக நிற்காததால் தோள் பக்கம் என்ற குழப்பமும் இல்லை. வாயிணைவு அழகான சொல், ஆனால் கையேட்டில் வைக்க மாட்டேன். மருத்துவ மாணவர்களுக்கான சொற்பட்டியலில் சேர்க்கிறேன். தமனியா நாடியா என்ற வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை. தமிழ்நாட்டில் அச்சாகும் கையேடு, ஆகவே தமனி. இலங்கைப் பதிப்பு வந்தால் அந்த ஒரு சொல்லை மாற்றிக்கொள்ளலாம்.

பத்தி இப்போது இப்படி நிற்கிறது:

"உங்கள் கைக்கு இரண்டு தமனிகள் இரத்தம் கொண்டுவருகின்றன. ஒன்று பெருவிரல் பக்கம், மற்றது சுண்டுவிரல் பக்கம். உள்ளங்கையில் இவை இரண்டு இடங்களில் இணைகின்றன. பெருவிரல் பக்கத் தமனி அடைபட்டாலும் பெரும்பாலானவர்களுக்கு மற்றதன் வழியாக விரல்களுக்கு இரத்தம் கிடைக்கும். கை வெளிறினாலோ, சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ, வலி கூடினாலோ உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்."

கவனித்தீர்களா, நாம் இவ்வளவு பேசி உருவாக்கிய சொற்களில் ஒன்றுகூட இதில் இல்லை. எழுத முடிந்தது மட்டும் பேசிய பிறகுதான்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். பெருவிரலை விரித்து நீட்டினால் அதன் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் ஒரு பள்ளம் விழும். முன்பு மூக்குப்பொடியை அதில் வைத்து உறிஞ்சியதால் ஆங்கிலத்தில் பொடி டப்பியின் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆரைத் தமனி அதன் வழியாகத்தான் கையின் பின்புறம் சுற்றி உள்ளங்கைக்குள் நுழைகிறது. 'பொடிக்குழி' என்று எழுதலாமா?