மாங்கூழ் ஆலைக்கு வெப்சைட் இருக்கிறது, விசாரணைதான் வருவதில்லை

காவேரிப்பட்டணம்காரன்:
எங்கள் குடும்பத்துக்குச் சின்னதாக ஒரு மாங்கூழ் ஆலை. பெங்களூரா, அல்போன்சா இரண்டு மாம்பழ ரகத்திலும் கூழ் போடுகிறோம். வெப்சைட்டில் மாம்பழப் படங்கள் பெரிது பெரிதாக ஓடுகின்றன, ஆட்களும் வந்து பார்க்கிறார்கள், ஆனால் ஒருத்தரும் விலை கேட்பதில்லை. டிசைனை மாற்றினால் சரியாகுமா?

ஓசூர் டிசைனர்:
அண்ணா, அதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள், யார் வந்து என்ன செய்ய வேண்டும் என்று இந்த சைட்டைப் போட்டீர்கள்? ஜூஸ் கம்பெனியின் பர்ச்சேஸ் ஆளுக்கு மாம்பழம் எப்படி இருக்கும் என்று தெரியும். பிரிக்ஸ் (கூழின் இனிப்பு அளவு) எவ்வளவு, அமிலத்தன்மை எவ்வளவு, 3.1 கிலோ டின்னா 215 கிலோ அசெப்டிக் (கிருமி நீக்கி அடைத்த) டிரம்மா, குறைந்தபட்ச ஆர்டர் என்ன, சாம்பிள் கிடைக்குமா, இதைத்தான் அவர் தேடுகிறார். ரகத்துக்கு ஒரு பக்கம் வைத்து இதையெல்லாம் எழுத்தாகப் போடுங்கள், கீழே 'சாம்பிள் கேளுங்கள்' என்று ஒரே ஒரு பட்டன் போதும்.

பர்கூர் அக்கா:
ஓடும் படங்களை முதலில் எடுத்துவிடு தம்பி. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல், கனமான படங்கள் போனில் திறக்கவே நேரம் பிடிக்கும். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணை மறக்காமல் போடு.

காவேரிப்பட்டணம்காரன்:
சரிங்க அக்கா. சீசன் முடிந்த பிறகு என்ன போடுவது?

ஓசூர் டிசைனர்:
கையில் என்ன சரக்கு இருக்கிறது என்று போடுங்கள். அப்புறம் மே மாதத்துக்கு முன்பே அடுத்த சீசன் முன்பதிவைத் திறந்துவிடுங்கள். எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை விட்டுவிட்டு, மாதம் எத்தனை பேர் சாம்பிள் கேட்டார்கள் என்று மட்டும் எண்ணுங்கள்.