பதில்: டிஜிட்டல் அரெஸ்ட்டுக்குத் தமிழ்ல என்ன? ‘கைது’ வேண்டாம்ங்க

எல்லாருக்கும் வணக்கம்,

இழையை ஆரம்பத்துலேர்ந்து படிச்சுக்கிட்டுதான் இருக்கேன், பதில் போடத்தான் நேரம் கிடைக்கல. காரைக்குடியில ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பெரியவங்களுக்கு போன், வாட்ஸப், ஜிபே எல்லாம் சொல்லிக் குடுக்குறோம்ல, அங்க கொடுக்க ஒரு நோட்டீஸ் அடிக்கணும், அதுல "டிஜிட்டல் அரெஸ்ட்"டுக்கு, அதான் போலீஸ்னு சொல்லி வீடியோ கால்ல மிரட்டிப் பணம் பறிக்கறதுக்கு, தமிழ்ல என்ன போடறதுன்னு நான் கேட்டு வச்சதுலேர்ந்துதான் இம்புட்டும் கிளம்புச்சு. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதிடறேன், பொறுத்துக்கங்க.

> எண்ணிமக் கைது அல்லது எண்ணிமச் சிறைப்பிடிப்பு எனலாம். ‘டிஜிட்டல்’ என்பதற்கு ‘எண்ணிம’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது.

ஐயா, ஆக்கம் சரிதான், குறையே இல்ல. ஆனா எண்ணிமச் சிறைப்பிடிப்புன்னு படிச்சதும் எனக்கே ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நிக்கலாம்னு தோணுது. டிஜிட்டலுக்கு எண்ணிமமா மின்னணுவான்னு நாம பத்து மடல் அடிச்சுக்கிட்டோம், சிக்கல் அந்தப் பக்கம் இல்லவே இல்ல, அரெஸ்ட்ங்கற பக்கத்துல இருக்கு.

இந்தப் பேரை வச்சது யாருன்னு பாருங்க. எந்தச் சட்டப் புஸ்தகத்துலயும் கிடையாது. ஏமாத்துறவன் போன்ல சொல்ற வார்த்தை இது, "நீங்க இப்ப டிஜிட்டல் அரெஸ்ட்ல இருக்கீங்க"ன்னு. பள்ளிக்கூடத்துல குழூஉக்குறி படிச்சிருப்போம், பொற்கொல்லர் பொன்னைப் பறிம்பாங்க, யானைப்பாகர் ஆடையைக் காரைம்பாங்கன்னு. அது அந்தக் கூட்டத்துக்குள்ள மட்டும் புழங்குற சொல், வெளியாளுக்குப் புரியக்கூடாதுன்னே வச்சுக்கிட்டது. இது அதுக்குத் தலைகீழ், திருட்டுக் கூட்டமே வெளியாளு பயப்படணும்னு ஒரு சொல்லை உண்டாக்கி நம்ம வாயில போட்டுருச்சு, நாமளும் அதை அப்படியே மொழிபெயர்த்து அகராதியில ஏத்தப் போறோம்.

2024 அக்டோபர் 27ல பிரதமர் மன் கீ பாத்ல இதைப் பத்திப் பேசினார், சட்டத்துல இப்படி ஒரு முறையே கிடையாது, நில்லுங்க, யோசிங்க, அப்புறம் செயல்படுங்கன்னு. 2025ல சுப்ரீம் கோர்ட் தானா முன்வந்து வழக்கா எடுத்துச்சு. எல்லாம் நல்லதுதான், ஆனா "டிஜிட்டல் கைது என்று ஒன்று இல்லை"ன்னு பேப்பர்ல படிக்கிற ஐயாவுக்கு மண்டையில தங்குறது என்ன? ‘டிஜிட்டல் கைது’ங்கற முதல் ரெண்டு வார்த்தை. ‘இல்லை’ங்கறது காபி குடிச்சு முடிக்கறதுக்குள்ள போயிருது.

> கைது என்றால் சட்டப்படி என்ன என்று யாராவது வக்கீல் சொன்னால் நல்லது.

தேவகோட்டை வக்கீல் அண்ணன் எங்கிட்ட தனியா சொன்னதைப் போடறேன். 2024 ஜூலை 1லேர்ந்து நடப்புல இருக்கிற பிஎன்எஸ்எஸ்ங்கற புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 43ஆம் பிரிவு, அதுக்கு முன்னாடி இருந்த சிஆர்பிசியில இது 46. கைதுன்னா போலீஸ்காரர் ஆளைத் தொடணும் இல்ல பிடிச்சு நிறுத்தணும், இல்லன்னா அந்த ஆளே சொல்லாலயோ செயலாலயோ உடன்படணும். பிடிச்சா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட் முன்னாடி கொண்டுபோகணும், காரணம் சொல்லணும், வக்கீலைப் பாக்க விடணும், இது அரசியலமைப்புல 22ஆவது பிரிவு. பொம்பளையாளுகளைப் பொழுது சாஞ்ச பிறகு விடியறதுக்குள்ள பொதுவா கைது பண்ணக்கூடாது, தவிர்க்க முடியாம பண்ணணும்னா பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட் அனுமதியும் வேணும். 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் இன்னொண்ணும் சொல்லிச்சு, ஆஜராகச் சொல்லி போலீஸ் குடுக்கற நோட்டீஸை வாட்ஸப்ல அனுப்பக்கூடாதுன்னு. இவனுக அனுப்பற பிடிஎஃப்ல முத்திரை, கையெழுத்து, சிங்கத்தலை எல்லாம் இருக்கும், ஆனா அது வந்த வழியே தப்பு.

இப்ப ஒரு ஆச்சி கதை சொல்றேன், ஊர் பேர் வேண்டாம். பிள்ளைக ரெண்டும் வெளிநாட்டுல, ஆச்சி மட்டும் அம்புட்டுப் பெரிய வீட்டுல. காலையில ஒரு போன், உங்க ஆதார்ல வாங்குன சிம்மை வச்சு மும்பையில தப்பு நடந்திருக்குன்னு. அப்புறம் வீடியோ கால், காக்கிச் சட்டை, பின்னாடி கொடி. கதவைச் சாத்துங்க, போனை உங்க முகம் தெரியற மாதிரி வைங்க, எந்திரிக்கக் கூடாது, பிள்ளைக கிட்ட சொன்னா அவுகளையும் பிடிப்போம். ஆச்சி முகப்புக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு வந்து பட்டாலையில சம்மணம் போட்டு உக்காந்து, சீப்பு சீடை டின்னு மேல போனைச் சாத்தி வச்சுட்டாங்க. நம்ம பக்கத்து வீடு உங்களுக்குத் தெரியும், முன்வாசல் ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. பாத்திரம் விளக்க வர்ற அம்மா எப்பவும் போல பின்கட்டு வழியா வந்து, என்ன ஆச்சி இன்னும் சாப்பிடலையான்னு கேட்க, ஆச்சி வாயில விரலை வச்சு மெல்ல, "பேசாத, என்னய அரெஸ்ட் பண்ணியிருக்காக" அப்படின்னாங்களாம். அந்தம்மா வளவைச் சுத்திப் பாத்துட்டு சத்தமாவே கேட்டுச்சாம், "யாரு ஆச்சி? ஒருத்தரையும் காணமே, போலீஸ் வந்தா தெருவே கூடியிருக்காது?"

சத்தம் கேட்டதும் அந்தப் பக்கம் காலைக் கட் பண்ணிட்டான். ஆச்சி மத்தியானம் பேங்குக்குப் போயி பிக்சட் டெபாசிட்டை உடைக்கறதா இருந்தாங்க.

எனக்கு இதுல தைக்கிற இடம் எதுன்னா, அந்தம்மாவுக்கு டிஜிட்டல் அரெஸ்ட்ங்கற சொல்லே தெரியாது. அரெஸ்ட்னா போலீஸ் இருக்கணுமேன்னு தேடுச்சு. ஆச்சி பேப்பர் படிக்கிறவங்க, டிவி பாக்குறவங்க, அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிருந்தாங்க, அதனாலயே அப்படி ஒண்ணு இருக்கும்னு நம்பிட்டாங்க.

> அப்படியானால் பொய்க்கைது / போலிக் கைது என்று வைக்கலாமே. பொய் என்பது பெயரிலேயே வந்துவிடுகிறதே?

அக்கா, நானும் முதல்ல இதைத்தான் நினைச்சேன், அப்புறம் வகுப்புல சொல்லிப் பாத்தேன். "பொய்க் கேஸ்ல உள்ள போட்டுருவாங்கங்கறீங்களா"ன்னு ஒருத்தர் கேட்டார். நம்ம ஊர்ல பொய் வழக்குன்னா வழக்கு நிஜம், குற்றச்சாட்டு பொய். போலி என்கவுன்டர்னா சுட்டது நிஜப் போலீஸ். ஆக செயலுக்கு முன்னாடி பொய், போலின்னு ஒட்டுனா, பண்ணது நிஜ அதிகாரி, பண்ண விதம்தான் தப்புன்னு காதுல விழுது. பயம் இன்னும் ஜாஸ்தியாயிரும்.

அதையே ஆளுக்கு முன்னாடி ஒட்டிப் பாருங்க. போலி டாக்டர், போலி சாமியார், போலி நிருபர். யாருக்கும் விளக்கமே வேண்டாம், அந்த ஆளே டுபாக்கூர்னு புரிஞ்சுருது. "போலி போலீஸ் கைது"ன்னு தினமும் தலைப்பு வருதே, அதுல கைதாகறது யாருன்னு யாராவது குழம்பறோமா?

அதனால நான் சொல்றது போலி போலீஸ் மிரட்டல்.

இதுல கைது இல்ல, டிஜிட்டலும் இல்ல. சொல்லைக் கேட்டதுமே முதல் கேள்வி "நீ யாரு"ன்னு வரும், நமக்கு அதுதான் வேணும். வகுப்புல இதைச் சொன்னப்ப ஒரு ஐயா தானாவே எடுத்துக் குடுத்தார், பர்மாவுல கடை நடந்த காலத்துல ஒரு உண்டியல், அதான் பணம் குடுக்கச் சொல்லி எழுதி அனுப்பற சீட்டு, வந்தா விலாசம் யாருது, கையெழுத்து யாருதுன்னு பாக்காம நம்ம ஆளுக பணத்தை எண்ணி வச்சிருப்பாகளா, சட்டையைப் பாத்தா குடுப்பாகன்னு. அன்னைக்கு நான் அதுக்கு மேல பாடமே எடுக்கல.

> காணொளி மிரட்டல்?

தம்பி, வேண்டாம். வீடியோ மிரட்டல்னா ஆபாசப் படத்தைக் காட்டிப் பணம் பறிக்கறதுன்னு ஆயிருச்சு, அது தனிக் குற்றம். போன் மிரட்டல்னா வெடிகுண்டு.

> சிங்கப்பூரில் நாங்கள் ஆள்மாறாட்ட மோசடி என்றுதான் சொல்கிறோம். அதிகாரி போல நடிப்பது எல்லாமே அதில் அடங்கும்.

இது நல்ல சொல், சட்டத்துலயும் நிக்கும். கலைச்சொல் பட்டியல்ல பெரிய தலைப்பா இதையே வச்சுக்கலாம், கொரியர் ஆபீஸ், டிராய்ங்கற தொலைத்தொடர்பு ஆணையம், சுங்கம், ஈடிங்கற அமலாக்கத்துறை, சிபிஐன்னு நடிக்கறது எல்லாம் இதுக்குள்ள வந்துரும். ஆனா நோட்டீஸுக்கு உதவாது. எங்க பக்கம் ஆள்மாறாட்டம்னா பத்திர ஆபீஸ்ல வேற ஆளை நிறுத்தி இடத்தை எழுதிக்கறது, இல்ல 2019ல நீட் பரிச்சையில நடந்தது, ரெண்டுதான் ஞாபகம் வரும். அப்புறம் ‘போலி அதிகாரி’ன்னு போடலாமான்னும் ஒருத்தர் கேட்டிருந்தார். அதிகாரின்னா கரண்ட் ஆபீஸ்லயும் இருக்கார், தாலுகா ஆபீஸ்லயும் இருக்கார், யாரும் அவருக்காகக் கதவைச் சாத்திக்கிட்டு உக்கார மாட்டாங்க. எந்த டிபார்ட்மென்ட் பேரைச் சொல்லி ஆரம்பிச்சாலும் கடைசியில காக்கியைக் காட்டித்தான் முடிக்கிறான், பயம் அங்கதான்.

> பூச்சாண்டின்னு வைங்க. போன் பூச்சாண்டி. வேஷமும் இருக்கு, வெத்து மிரட்டலும் இருக்கு.

படிச்சதும் கைதட்டிட்டேன், பொய் சொல்லல. இந்த இழையிலேயே அழகான சொல் இதுதான். ஆனாலும் வேண்டாம்ங்கறேன், ஏன்னா பூச்சாண்டிக்குப் பயப்படறது சின்னப் பிள்ளை. ஆயுசு பூரா சேத்த காசை விட்டுட்டு நிக்கறவரைப் பாத்து "பூச்சாண்டிக்கா பயந்தீங்க"ன்னு கேட்டா அவர் வெளிய சொல்லுவாரா? ஏற்கெனவே மருமகளுக்குத் தெரியக்கூடாது, பங்காளிக்குத் தெரியக்கூடாதுன்னு மூடி மறைக்கறாங்க. சொல்லாம இருக்கற ஒவ்வொரு மணி நேரமும் பணம் ஒரு கணக்குலேர்ந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கிட்டே போகுது, சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு உடனே அடிச்சாதான் நடுவழியில நிறுத்தி வைக்க வாய்ப்பு. ஆளைச் சிரிக்க வைக்கற சொல்லு பறிகொடுத்தவங்க வாயை அடைச்சிரக்கூடாது. போலி போலீஸ்ங்கறப்ப கேவலம் அவனோட போயிருது.

நோட்டீஸ்ல சொல்லுக்குக் கீழ போடற விளக்கம் இப்படி எழுதியிருக்கேன், திருத்துங்க:

"போலி போலீஸ் மிரட்டல்: போலீஸ், சிபிஐ, கோர்ட் என்று சொல்லி வீடியோ காலில் வந்து பயமுறுத்திப் பணம் பறிப்பது. நிஜப் போலீஸ் வீடியோ காலில் யாரையும் காவலில் வைக்காது. ‘சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறோம், இந்தக் கணக்கில் பணத்தைப் போடுங்கள்’ என்று ரிசர்வ் வங்கியும் கேட்காது, கோர்ட்டும் கேட்காது. யாரிடமும் சொல்லாதே என்றால் உடனே யாரிடமாவது சொல்லுங்கள். போனை வையுங்கள். பணம் போயிருந்தால் 1930. போகவில்லை என்றாலும் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு பகுதியில் அந்த நம்பரைப் புகார் செய்யலாம்."

வாட்ஸப்ல செட்டிங்ஸ், பிரைவசி, கால்ஸ் போயி ‘சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்’ ஆன் பண்றதையும் ஒரு வரி சேக்கணும். பேரன் புது நம்பர்லேர்ந்து கூப்பிட்டா மணி அடிக்காதேன்னு கேக்கறாங்க, அடிக்காது, ஆனா கால் லிஸ்ட்ல இருக்கும், பாத்துட்டுத் திருப்பி கூப்பிட்டுக்கலாம். வெளிநாட்டுல இருக்கற பிள்ளைக நம்பர் மாத்துனா முதல்ல மெசேஜ் போடணும்னு வீட்டுலயே பேசி வச்சுக்கங்கன்னு சொல்லிட்டு இருக்கோம்.

அப்புறம் பட்டியல்ல ‘மியூல் அக்கவுண்ட்’டுக்கு, அதான் மோசடிப் பணத்தைக் கைமாத்த அடுத்தவன் பேர்ல இருக்கற கணக்குக்கு, யாரோ ‘கோவேறு கழுதைக் கணக்கு’ன்னு போட்டு வச்சிருக்கீங்க, தயவுசெஞ்சு எடுத்துருங்க. கமிஷனுக்கு ஆசைப்பட்டுப் பாஸ்புக்கையும் ஏடிஎம் கார்டையும் அடுத்தவன் கையில குடுக்கற காலேஜ் பசங்களுக்கு அது சிரிப்பாத்தான் இருக்கும். வாடகைக் கணக்குன்னு வைங்க, வாடகைக்கு விட்டவன்தான் முதல்ல ஸ்டேஷன் படி ஏறுவான்னு அவங்களுக்குப் புரியணும். அதைத் தனி இழையில பேசுவோம்.

நோட்டீஸ் வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகுது. ‘மிரட்டல்’ போதுமா ‘மோசடி’யும் சேக்கணுமான்னு வியாழக்கிழமை ராத்திரிக்குள்ள சொல்லுங்க, அரைப் பக்கம்தான் இடம் இருக்கு. போலி போலீசா போலிப் போலீசா, ஒற்று மிகுமா மிகாதாங்கற சண்டையையும் அதுக்குள்ளயே முடிச்சுக்கங்க, ஏன்னா பிரஸ்காரர் பிளேட் எடுத்த பிறகு புள்ளி வைக்க மாட்டேன்னு இப்பவே சொல்லிட்டார்.