வினாடி வினாவில் ஒரே கேள்விக்கு இரண்டு விடைகள் வந்தால் எதை ஏற்பது?

கேட்டவர்: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டம், நவம்பரில் வரும் நூலக வார விழாவையொட்டி, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்குப் பொது அறிவு வினாடி வினா ஒன்றை நடத்தவிருக்கிறது. வரலாறு, விளையாட்டு, திரைப்படம், புவியியல் என நான்கு சுற்றுகள். கேள்விகளைத் தொகுக்கும் பொறுப்பு எனக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கும் தரப்பட்டுள்ளது.

பெரும்பாலான கேள்விகளில் சிக்கல் ஏதும் இல்லை. ஆனால் சிலவற்றுக்குப் போட்டித் தேர்வுக் கையேடுகள் ஒரு விடையும், அந்தந்தத் துறை நூல்கள் வேறொரு விடையும் தருகின்றன. ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் யார், முதல் தமிழ்ப் படம் எது, இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் யார், இந்தியாவின் மிக உயரமான சிகரம் எது என்ற நான்கும்தான் இப்போது எங்களை நிறுத்தி வைத்திருக்கின்றன. கையேட்டில் உள்ள விடையையே வைத்துக்கொள்ளலாம், மாணவர்கள் அதைத்தான் படித்துவிட்டு வருவார்கள் என்பது தலைமையாசிரியர் ஐயாவின் கருத்து. எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ஒரே ஒரு பெயரை விடைத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு நடுவர் அமர்ந்தால், கையேட்டைத் தாண்டிப் படித்த பிள்ளைக்குத்தான் மதிப்பெண் பறிபோகும். நூலகத்தில் நடக்கும் போட்டியில் அப்படி நேரக் கூடாது என்று நினைக்கிறேன். இந்தக் கேள்விகளை எப்படி அமைத்தால் விடை ஒன்றாக நிற்கும் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: மைதானம்

ஐயா, உங்கள் கவலை மிகவும் நியாயமானது. விளையாட்டுக் கேள்வியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சார்ட் 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் வென்றார். சர்வதேச ஒலிம்பிக் குழு அந்த இரண்டையும் இன்றுவரை இந்தியாவின் கணக்கில்தான் வைத்திருக்கிறது. ஆனால் அவர் ஆங்கிலேயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அந்தக் கோடையில் இங்கிலாந்துக்குச் சென்று அங்குள்ள தடகளப் போட்டிகளில் ஓடிய பிறகே பாரிஸுக்குப் போனவர். இதைக் காரணம் காட்டி, தடகள வரலாற்றாசிரியர்கள் பலர் அவரைப் பிரிட்டன் வீரராகவே எழுதுகிறார்கள். அக்காலத்தில் நாடுகள் தத்தம் அணியைத் தேர்ந்தெடுத்து அனுப்பும் வழக்கம் உறுதிப்படவில்லை என்பதால்தான் இந்த இழுபறி. பின்னாளில் அவர் நார்மன் டிரெவர் என்ற பெயரில் ஹாலிவுட்டின் மௌனப் படங்களில் நடித்தார். விளையாட்டையும் திரைப்படத்தையும் இணைக்கும் கேள்வி ஒன்று உங்களுக்கு வேண்டுமென்றால் இவரே பொருத்தமானவர்.

கையேடுகள் பெரும்பாலும் தரும் விடை, 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் மல்யுத்தத்தில் வெண்கலம் வென்ற கே. டி. ஜாதவ். மகாராஷ்டிரத்தில் கராட் அருகே கோலேஷ்வர் என்ற சிற்றூரில் பிறந்தவர். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஆறாம் இடம் பெற்றவர். ஹெல்சிங்கி செல்லும் செலவுக்குப் பணம் இல்லாதபோது, அவர் படித்த கோலாப்பூர் கல்லூரியின் முதல்வர் தமது வீட்டை அடகு வைத்து உதவினார். அவருக்குப் பிறகு தனிநபர் பதக்கம் ஒன்றைக் காண இந்தியா 1996இல் அட்லாண்டாவில் லியாண்டர் பயஸ் டென்னிஸில் வெண்கலம் வெல்லும்வரை 44 ஆண்டுகள் காத்திருந்தது. இந்த மனிதரைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆகவே அவரை விட்டுவிடாமல் கேள்வியைத் திருத்துங்கள்: "சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் முதல் தனிநபர் பதக்கத்தைப் பெற்றுத் தந்தவர் யார்?" இப்படிக் கேட்டால் ஜாதவ் தவிர வேறு பெயருக்கு இடமில்லை. "தனிநபர்" என்ற நிபந்தனையை மறந்துவிட வேண்டாம். 1948இலேயே சுதந்திர இந்தியாவின் ஹாக்கி அணி லண்டனில் தங்கம் வென்றுவிட்டது.

மறுமொழி: பழையதிரை

திரைப்படக் கேள்வியைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் இதில்தான் குழப்பம் அதிகம்.

"முதல் தமிழ்ப் படம்" என்று மட்டும் கேட்டால், ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த "கீசக வதம்" என்று ஒரு மாணவர் சொல்லலாம். தென்னிந்தியாவில் தயாரான முதல் கதைப்படம் அதுதான். ஆனால் அது மௌனப் படம். அதற்கு மொழி உண்டா என்ற கேள்வி எழும். அது வெளியான ஆண்டும் 1916, 1917, 1918 என்று நூலுக்கு நூல் மாறுகிறது. எனவே அந்தப் படத்தின் ஆண்டை மட்டும் எக்காரணம் கொண்டும் கேட்டுவிடாதீர்கள். எடுத்தவர் யார் என்று கேட்கலாம்.

"முதல் தமிழ்ப் பேசும் படம்" என்றால் "காளிதாஸ்". 1931 அக்டோபர் 31 அன்று சென்னையில் கினிமா சென்ட்ரல் திரையரங்கில் வெளியானது. எச். எம். ரெட்டி இயக்கினார். அதே ஆண்டு மார்ச் 14 அன்று பம்பாயில் வெளியான இந்தியாவின் முதல் பேசும் படமான "ஆலம் ஆரா"வை எடுத்த அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் நிறுவனமே இதையும் தயாரித்தது. சென்னையில் அப்போது ஒலிப்பதிவு வசதி கொண்ட படப்பிடிப்புத் தளம் கிடையாது. நடிகர்கள்தாம் பம்பாய்க்குப் போனார்கள். சென்னையிலேயே எடுக்கப்பட்ட முதல் பேசும் படம் "சீனிவாச கல்யாணம்". அது 1934இல்தான் வந்தது.

ஆனால் "காளிதாஸ்" முழுவதும் தமிழில் பேசிய படம் அன்று. கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் விடை சொல்ல, இடையில் இந்தி வசனங்களும் வந்தன. ஆடு மாடு மேய்ப்பவன் காளியின் அருளால் கவியாகும் கதையில், தியாகராஜ கீர்த்தனைகளும் தேசபக்திப் பாட்டுகளும் கதைக்குத் தொடர்பில்லாமலே இடம்பெற்றன. திரையில் மனிதர் வாய் திறந்து தம் மொழியில் பாடுவதைக் கேட்டதே அன்றைய மக்களுக்குப் போதுமானதாக இருந்தது. படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் மேலிடுகிறது. ஆகவே கேள்வியில் "தமிழ் வசனங்கள் இடம்பெற்ற முதல் பேசும் படம்" என்று எழுதுவதே துல்லியம்.

ராஜலட்சுமியைப் பற்றியும் ஒரு கேள்வி வையுங்கள். 1936இல் "மிஸ் கமலா"வை எழுதி, தயாரித்து, இயக்கி, நடித்தவர் அவர். தமிழில் படம் இயக்கிய முதல் பெண் யார் என்று கேட்டால் விடை ஒன்றுதான்.

மறுமொழி: ஏட்டுச்சுவடு

கவர்னர் ஜெனரல் கேள்வி, நிபந்தனை இல்லாமல் கேட்டால் நான்கு பேருக்கு இடம் தரும். 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி வங்கத்தின் வில்லியம் கோட்டைக்கு முதல் கவர்னர் ஜெனரலானவர் வாரன் ஹேஸ்டிங்ஸ். அவர் பதவியின் பெயரில் இந்தியா என்ற சொல்லே இல்லை. 1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் அந்தப் பதவியை "இந்தியாவின் கவர்னர் ஜெனரல்" என்று மாற்றியபோது பதவியில் இருந்தவர் வில்லியம் பெண்டிங்க். சுதந்திர இந்தியாவின் முதல் கவர்னர் ஜெனரல் மவுண்ட்பேட்டன். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் ராஜாஜி. 1948 ஜூன் 21 முதல் 1950 ஜனவரி 26 வரை இருந்தார். குடியரசு மலர்ந்ததும் பதவியே இல்லாமல் போனதால், கடைசிக் கவர்னர் ஜெனரலும் அவரே.

வைஸ்ராய் என்று கேட்டால் கதை வேறு. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆட்சி கிழக்கிந்தியக் கும்பினியிடமிருந்து பிரிட்டிஷ் அரசியின் கைக்கு மாறியபோது, 1858இல் முதல் வைஸ்ராயானவர் கானிங். கையேடுகள் இந்த ஐந்து பெயர்களையும் ஒரே பட்டியலில் அடுக்கிவிடுவதால், எந்தச் சட்டம் எதை மாற்றியது என்பது மாணவர்களின் மனத்தில் பதிவதில்லை. "1833ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டத்தின்படி" என்று கேள்வியிலேயே தொடங்குங்கள். விடை தெரியாத மாணவர்கூட அன்று ஒரு செய்தியைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புவார்.

மறுமொழி: மலைப்பாதை

சிகரக் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கே2 சிகரம் 8611 மீட்டர். அது நிற்கும் கில்கிட்-பால்டிஸ்தான் பகுதியை இந்தியா தன்னுடையது என்கிறது, நிர்வகிப்பது பாகிஸ்தான். கஞ்சன்ஜங்கா 8586 மீட்டர். நேபாள எல்லையில் நிற்பது. முழுவதும் இந்திய எல்லைக்குள் அடங்கிய உயரமான சிகரம் என்றால் உத்தராகண்டின் நந்தாதேவி, 7816 மீட்டர். பள்ளி மாணவர்களுக்கு இந்த மூன்றாவது வடிவமே பாதுகாப்பானது.

எவரெஸ்ட் கேள்வியும் வைத்திருப்பீர்கள். கடல் மட்டத்திலிருந்து அளந்தால் அதன் 8848.86 மீட்டருக்கு இணை இல்லை. அடிவாரத்திலிருந்து உச்சிவரை அளந்தால், பெரும்பகுதி கடலுக்குள் மூழ்கியிருக்கும் ஹவாய்த் தீவின் மௌனா கேயா 10,000 மீட்டரைத் தாண்டுகிறது. பூமியின் மையத்திலிருந்து அளந்தாலோ, 6263 மீட்டரே உயரமுள்ள ஈக்குவடாரின் சிம்பொராசோ முந்திக்கொள்கிறது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் பூமி புடைத்திருப்பதுதான் காரணம். காரணத்தோடு கேட்டால் இது அருமையான இறுதிச் சுற்றுக் கேள்வி.

தென்னிந்தியாவின் உயரமான சிகரத்துக்கு நம் பிள்ளைகள் பலர் தொட்டபெட்டா என்று எழுதிவிடுவார்கள். அது 2637 மீட்டர். தமிழ்நாட்டுக்குள் அதுவே உயரம். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் இருக்கும் ஆனைமுடி 2695 மீட்டர்.

கேட்டவர்: காவிரிக்கரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. தலைமையாசிரியர் ஐயாவிடம் படித்துக் காட்டினேன். நான்கு கேள்விகளையும் நீங்கள் சொன்ன நிபந்தனைகளோடு மாற்றி எழுத அவரும் இசைந்துவிட்டார். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. இந்தி, தமிழ், தெலுங்கு ஆகிய மூன்று மொழிகளின் முதல் பேசும் படங்களிலும் நடித்தவர் எல். வி. பிரசாத் என்று ஒரு கேள்வி வைத்திருக்கிறோம். அதில் தெலுங்குப் படம் "காளிதாஸ்" படத்துக்கு முன்பே வந்தது என்று ஒரு நூலில் பார்த்தோம். அது சரியா? மற்றொன்று, இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்ற கேள்வியை வைத்துக்கொள்ளலாமா?

மறுமொழி: பழையதிரை

பிரசாத் பற்றிய கேள்வி சரியானதே, தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். தெலுங்கின் முதல் பேசும் படமான "பக்த பிரகலாதா" 1931 செப்டம்பர் 15இல் வெளியானதாக நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பிற்கால ஆய்வு, தணிக்கைப் பதிவையும் அக்கால நாளிதழ்களையும் கொண்டு, அது 1932 ஜனவரியில்தான் தணிக்கையானது, பிப்ரவரி 6இல் வெளியானது என்று நிறுவியது. எனவே "காளிதாஸ்" முந்தியது. இரண்டையும் இயக்கியவர் எச். எம். ரெட்டிதான் என்பதையும் நடுவர் குறிப்பில் எழுதி வையுங்கள். பழைய தேதியை ஆதாரமாகக் காட்டி யாரேனும் மறுப்புத் தெரிவித்தால், நடுவரால் உடனே விளக்கம் தர இயலும்.

மறுமொழி: மைதானம்

ஹாக்கிக் கேள்வியை நீக்கிவிடுங்கள். எந்த விளையாட்டையும் தேசிய விளையாட்டாக அறிவிக்கவில்லை என்று மத்திய விளையாட்டுத் துறை அமைச்சகமே 2012இல், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த மனு ஒன்றுக்குப் பதில் தந்திருக்கிறது. ஹாக்கியின் பெருமையைச் சொல்ல அந்தப் பட்டம் தேவையுமில்லை. 1928 ஆம்ஸ்டர்டாமில் ஜெய்பால் சிங் தலைமையில் தொடங்கி 1956 மெல்போர்ன் வரை இந்திய அணி வென்ற தங்கங்களைக் கேளுங்கள். ஆறு என்பது விடை. போர் காரணமாக 1940லும் 1944லும் ஒலிம்பிக் நடைபெறவில்லை என்பதால், "தொடர்ந்து நடைபெற்ற எத்தனை ஒலிம்பிக் போட்டிகளில்" என்று கேள்வியை எழுதுங்கள். இல்லாவிட்டால் நான்காண்டுக்கு ஒன்றாகக் கணக்கிட்டு எட்டு என்று சொல்லும் மாணவரும் இருப்பார்.