மேக் முகவரி பல வடிவங்களில் வந்தால் டிரைவர் எப்படிப் படிப்பது?

கேள்வி:
எங்கள் நெட்வொர்க் கார்டுகளின் ஈப்ராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) மேக் முகவரி (கார்டின் அடையாள எண்) சிலவற்றில் முக்காற்புள்ளியுடனும், சிலவற்றில் சிறுகோட்டுடனும், மற்றவற்றில் வெறும் 12 பதினறும இலக்கங்களாகவும் பதிவாகியுள்ளது. டிரைவரில் (கார்டை இயக்கும் மென்பொருள்) இதை எங்கே சீர்செய்வது?

பதில் 1:
முகவரி என்பது 6 பைட் மட்டுமே. எழுத்து வடிவம் மனிதக் கண்ணுக்கானது. படிக்கும் இடத்திலேயே குறிகளை நீக்கி, பைட்டுகளாக மாற்றி, ஒப்பீடுகளை அவற்றிலேயே செய்யுங்கள்.

பதில் 2:
குறிகளைக் கண்மூடித்தனமாக நீக்குவது ஆபத்து. ‘0:1:2’ என முன்சுழியம் விடுபட்டுத் தொடங்கும் முகவரியில் அப்படிச் செய்தால் இலக்கங்கள் இடம் பெயர்ந்துவிடும் என்பதால், குறி இருக்குமிடத்தில் பகுதி பகுதியாகப் படித்து, சரியாக 6 பகுதிகள் தேறாவிட்டால் பிழை திருப்புவதே முறை.

பதில் 3:
மாற்றிய பிறகும் சோதியுங்கள். அனைத்தும் சுழியமாகவோ, முதல் பைட்டின் கடைசி (மிகக் குறைந்த மதிப்புடைய) பிட் 1 ஆகவோ (அது மல்டிகாஸ்ட், அதாவது ஒரு கார்டுக்கு அல்லாமல் ஒரு குழுவுக்கான முகவரி) இருந்தால், லினக்ஸ் டிரைவர்கள் பல செய்வதுபோல் தற்செயல் முகவரி ஒன்றை இட்டு, லாகில் எச்சரிக்கை எழுதலாம்.